நான்கையும் எடுக்க வேண்டாம், அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் கரூர். ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். ஏழாம் மாதக் கர்ப்பத்தின்போது கீழ் இடது பக்கம் கடைசிப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போனது. மாத்திரை, உப்புத் தண்ணீர் என்று சமாளித்தோம். போன மாதம் மறுபடியும் அதே இடம், காது வரைக்கும் வலி, மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இங்கே ஒரு கிளினிக்கில் ஓபிஜி என்று எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரிகிற எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நான்கு ஞானப்பல்லையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம், விட்டால் முன்பற்கள் கோணிக்கொள்ளும் என்றார்கள். பால் கொடுக்கிறவள் மரத்துப்போகும் ஊசி போடக் கூடாது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்கிறார் என் மாமியார். இப்போது வலி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா? எக்ஸ்ரேயை போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். கீழ் இடது பல்லை எடுத்துவிடுங்கள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை. கீழ் வலதை இப்போது தொடவே வேண்டாம். மேல் வலதும் இருக்கட்டும். மேல் இடது மட்டும் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய பல், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். போட்டோவில் பார்த்துச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை உங்களை நேரில் பார்க்கிற டாக்டர்தான் அசல் படத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பல் தொந்தரவு, எந்தப் பல் சும்மா இருக்கிறது என்பதைச் சொல்ல நீங்கள் அனுப்பியதே போதும்.

"இப்போது வலி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் இந்தப் பதிலைத் தள்ளிப்போடாமல் எழுத உட்கார்ந்தேன். ஞானப்பல்லோடு வருகிற முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். வீங்கியிருக்கும்போது பயம், எப்படியாவது எடுத்துவிடுங்கள் டாக்டர் என்பார்கள். மாத்திரை சாப்பிட்டு ஐந்து நாளில் வீக்கம் வடிந்ததும் சரி, போய்விட்டது என்று இருந்துவிடுவார்கள். வடிந்தது வீக்கம்தான், பல் எப்படி நின்றதோ அப்படியேதான் நிற்கிறது.

உங்கள் கீழ் இடது பல் முன்பக்கமாகச் சாய்ந்து, தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின் முதுகில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது. பாதி வெளியே தெரிகிறது, மீதிப் பாதியை ஈறு ஒரு போர்வை மாதிரி மூடியிருக்கிறது. அந்தப் போர்வைக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு பை இருக்கிறது, வாய் குறுகலாக, உள்ளே ஆழமாக. சாப்பிடுகிற எதுவும் அதற்குள் போய் உட்காரும், பிரஷ் அங்கே போகாது, கொப்பளிக்கிற தண்ணீரும் உள்ளே சரியாக இறங்காது. இப்படி வீங்கி வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்வது மழுங்கின ஊசி மாட்டிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை எடுத்து அந்தப் பைக்குள் பீய்ச்சுவதுதான். போன வாரம் ஒரு பெண்ணுக்கு அப்படிப் பீய்ச்சியபோது மஞ்சளாகக் கொஞ்சம் சீழ் வந்தது, அதோடு முழுசாக ஒரு கடுகும் வந்தது. தாளித்துப் போட்ட கடுகு, எந்த நாள் குழம்பில் இருந்ததோ, தெரியவில்லை. எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினேன், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு வாரமாக வாயில் ஒரு நாற்றம் இருந்தது டாக்டர், அது இதுதானா என்றார். அதுதான். அந்தப் பையைக் கழுவிவிட்டால் அன்றைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் பை அங்கேயே இருக்கிறது, அடுத்த கடுகுக்கு இடம் தயாராக.

கர்ப்ப காலத்தில் உங்களுக்கு முதல் தடவை வீங்கியதும் தற்செயல் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சாதாரணமாகவே மிருதுவாகி, சின்ன அழுக்குக்கும் சீக்கிரம் வீங்கும். அப்போது பல்லை எடுக்காமல் சமாளித்தது சரியான முடிவுதான். அவசரம் என்றால் கர்ப்பத்தில் எந்த மாதத்திலும் எடுக்கலாம், தள்ளிப்போட முடிகிறதென்றால் நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் வசதியானவை, ஏழுக்கு மேல் நாற்காலியில் மல்லாந்து படுப்பதே சிரமம். அடுத்த குழந்தைக்கு யோசனை இருக்கிறதென்றால், இந்தப் பல்லை அதற்கு முன்னால் முடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு தடவை வீங்கியதற்கே பல்லை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு நைஸ் என்கிற அவர்களுடைய அமைப்பு இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோய் எதுவும் இல்லாமல் புதைந்திருக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்று சொல்லி எடுக்கக் கூடாது, ஈறு வீக்கம் முதல் தடவை வந்து அது கடுமையாக இல்லையென்றால் அதையும் காரணமாக வைக்கக் கூடாது, இரண்டாவது தடவை வந்தால் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்பது அதன் சாரம். உங்களுக்கு இரண்டு தடவை வந்துவிட்டது, முதல் தடவை வாய் பூட்டிக்கொண்டது, இரண்டாவது தடவை மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ரொம்பவும் கறாரான அந்த அளவுகோலை வைத்தாலே உங்கள் கீழ் இடது பல் எடுக்க வேண்டிய பக்கம் வந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் இதைவிட எனக்கு முக்கியம், உங்கள் கடிதத்தில் அது இல்லை, கிளினிக்கில் சொன்னார்களா என்றும் தெரியவில்லை. சாய்ந்த பல் முட்டிக்கொண்டிருக்கிற அந்த முன் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில், ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே, படத்தில் ஒரு சின்ன கருநிழல் தெரிகிறது. சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம், படம் எடுத்த கோணத்தால் வந்த நிழலாகவும் இருக்கலாம், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது எக்ஸ்ரே எடுப்பதால் பாலுக்கு ஒன்றும் ஆகாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஞானப்பல் போனால் போகட்டும், அது இல்லாமல் ஆயுசு முழுக்க நன்றாகச் சாப்பிடலாம். அதற்கு முன்னால் இருக்கிற பல் அப்படி இல்லை, முறுக்கைக் கடிப்பதும் கறியை மெல்லுவதும் அந்தப் பல்தான். சில மாதம் முன்பு நாற்பது வயதைத் தாண்டிய லாரி டிரைவர் ஒருவர் வந்தார். பத்து வருஷத்தில் ஐந்தாறு தடவை ஈறு வீங்கியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். இந்தத் தடவை ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று வந்தார். படத்தில் பார்த்தால் ஞானப்பல் கிட்டத்தட்ட நன்றாகத்தான் இருந்தது. அது இடித்துக்கொண்டிருந்த பல்லின் பின்பக்கம் வேரை ஒட்டிக் குடைந்து போயிருந்தது, அடைப்பதற்குப் பிடிமானம் இல்லை, வேர் சிகிச்சை செய்தாலும் நிற்காது. இரண்டையும் எடுத்தேன். "அன்னைக்கே ஒண்ணோட போயிருக்கும்" என்றார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நோயில்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்று சொன்ன அந்தப் பிரிட்டனிலேயே, இப்படிப் பக்கத்துப் பல் கெட்ட பிறகு வயது கடந்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் பிறகு எழுதினார்கள். அதனால் சாய்ந்து, பாதி முளைத்து, பக்கத்துப் பல்லில் முட்டி நிற்கிற பல்லுக்கு நான் ரொம்ப நாள் அவகாசம் கொடுப்பதில்லை.

சரி, மற்ற மூன்றுக்கு வருவோம். நான்கையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்று சொல்வது தப்பு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், நான்கும் தொந்தரவு என்றால் நானே அப்படிச் செய்திருக்கிறேன், மயக்கம் கொடுத்து மருத்துவமனையில் செய்வதானால் ஒரே தடவையில் முடிப்பது நோயாளிக்கும் நல்லது. உங்கள் விஷயத்தில் அதற்குக் காரணம் இல்லை. கீழ் வலது பல் முழுவதும் எலும்புக்குள் புதைந்திருக்கிறது, வாய்க்குள் வாசலே இல்லை, அதனால் அழுக்கு போக வழியில்லை, அதைச் சுற்றி நீர்க்கட்டியின் அடையாளமும் படத்தில் தெரியவில்லை. இப்படிச் சும்மா கிடக்கிற பல்லை எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்று உலகம் முழுக்க வந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் என்கிற சர்வதேசக் குழு அலசிப் பார்த்திருக்கிறது. எடுத்தால்தான் நல்லது என்று சொல்லவும் போதிய சான்று இல்லை, எடுக்கவே கூடாது என்று சொல்லவும் போதிய சான்று இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அப்படியானால் எலும்பைக் குடைந்து அதை வெளியே எடுக்கிற வலியும் ஆபத்தும் கைக்குழந்தைக்காரிக்கு இன்றைக்கு எதற்கு? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், அது மட்டும்தான் நான் கேட்டுக்கொள்வது. மேல் வலது பல் நேராக இறங்கி வந்திருக்கிறது, பிரஷை ஒரு பக்கமாகச் சாய்த்து வாயைப் பாதி மூடிக்கொண்டு தேய்த்தால் எட்டும். வாயை ஆவென்று திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் போக இடமிருக்காது, பாதி மூடினால்தான் இடம் கிடைக்கும், செய்து பாருங்கள்.

முன்பற்கள் கோணிக்கொள்ளும் என்று சொன்னதை நம்பி எந்தப் பல்லையும் எடுக்காதீர்கள். பின்னாலிருந்து ஞானப்பல் தள்ளுகிறது, அதனால் முன்னால் நெருக்குகிறது என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கும், பல் மருத்துவர்களே ரொம்ப காலம் அப்படி நம்பியிருந்தார்கள். ஆனால் ஞானப்பல்லின் கருவே இல்லாதவர்களுக்கும், எடுத்துவிட்டவர்களுக்கும்கூட வயது ஆக ஆகக் கீழ் முன்பற்கள் கொஞ்சம் நெருங்கத்தான் செய்கின்றன. பல் எடுத்தால் அது நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

இனி உங்கள் மாமியார் சொன்னவை. கண் பார்வை பற்றிய பயம் நம் ஊரில் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்பது, படித்தவர்களும் கேட்கிறார்கள். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது. மேல் கடைவாய்ப் பல் வலித்தால் கன்னப்பொட்டு, கண்ணைச் சுற்றி, நெற்றி எல்லாம் தெறிக்கும், ஏனென்றால் பல்லுக்கும் முகத்தோலுக்கும் உணர்ச்சி கொண்டுபோவது ஒரே பெரிய நரம்பின் கிளைகள்தான். பார்வைக்கான நரம்பு வேறு, அது கண்ணின் பின்பக்கத்திலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்கு உங்களுக்கு எடுக்கப் போவது கீழ்த்தாடைப் பல். அந்தக் காலத்தில் வயதான பிறகு மொத்தமாகப் பல்லைப் பிடுங்கியவர்களுக்கு அதே வயதில் கண்புரையும் வந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள் என்பது என் ஊகம்.

ஊசி விஷயத்தில் அவர் கவலைப்படுவது குழந்தைக்காக, அதனால் இதை விவரமாகவே சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள். பல் எடுக்கப் போடுவது லிக்னோகெய்ன், கூடவே கொஞ்சம் அட்ரினலின் கலந்தது. இதில் தாய்ப்பாலுக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம், அந்தக் கொஞ்சமும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. பாலைப் பிழிந்து கொட்ட வேண்டியதில்லை, இத்தனை மணி நேரம் கொடுக்கக் கூடாது என்ற கணக்கும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்ததும் குழந்தை அழுதால் அப்போதே கொடுக்கலாம். வலிக்கு பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் பால் கொடுக்கும் தாய்க்கு ஒத்துக்கொள்ளும், இப்யூபுரூஃபனைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், அல்சரோ ஆஸ்துமாவோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிருமிக்கு மருந்து தேவைப்பட்டால் அமாக்சிசிலின் கொடுப்பார்கள், குழந்தைக்கு ஒன்றிரண்டு நாள் வயிறு இளகலாம், பயப்பட வேண்டாம். மெட்ரோனிடசோல் சேர்த்தால் பாலின் ருசி கொஞ்சம் மாறி குழந்தை முகத்தைத் திருப்பும், அதுவும் சில நாள்தான். தவிர்க்க வேண்டியவை டிரமடால், கோடீன் மாதிரி வலி மாத்திரைகள், அவை பால் வழியாகக் குழந்தையை மந்தமாக்கி மூச்சைக்கூடப் பாதிக்கலாம். அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், சீட்டு எழுதும் ஒவ்வொரு டாக்டரிடமும் பால் கொடுக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வலி இல்லாத இந்த நேரத்தில் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால், இந்த நேரம்தான் சரியான நேரம். வீங்கிச் சீழ் பிடித்திருக்கும்போது மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது, வாயும் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும், கருவியை உள்ளே கொண்டுபோவதே பாடு. வயதும் உங்கள் பக்கம் இருக்கிறது. முப்பதைத் தாண்டத் தாண்ட எலும்பு இறுகிக்கொண்டே போகும், எடுப்பதும் கடினம், ஆறுவதும் மெதுவாகும்.

எடுப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஊசி போட்டுச் சில நிமிஷத்தில் கீழ் உதடும் நாக்கும் ஒரு பக்கம் தடித்துப்போன மாதிரி ஆகும். அப்புறம் ஈறைச் சின்னதாகக் கீறி விலக்கி, பல்லை மறைத்திருக்கும் எலும்பைத் தண்ணீர் தெளித்தபடியே கொஞ்சம் குறைத்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டித் துண்டு துண்டாக எடுப்பார்கள். சாய்ந்த பல்லை முழுசாக இழுத்தால் நிறைய எலும்பை எடுக்க வேண்டிவரும், துண்டு போடுவது உங்கள் எலும்பைக் காப்பாற்றத்தான். சத்தம் கேட்கும், தாடையை அழுத்துவது தெரியும், வலி தெரியக் கூடாது, தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல் நிற்கிற நிலையைப் பொறுத்து இருபது நிமிஷமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். கடைசியில் ஒன்றிரண்டு தையல்.

ஆபத்து என்று நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது நரம்பு விஷயம். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரி வழியில் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு ஓடுகிறது, ஞானப்பல்லின் வேர் சில பேருக்கு அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாக்குக்குப் போகும் நரம்பும் தாடையின் உள்பக்கம் பக்கத்திலேயே போகிறது. அவை சிராய்ந்தால் உதடோ நாக்கோ ஒரு பக்கம் மரத்துப்போகும், நூறு பேரில் சிலருக்கு இப்படி ஆகிறது, பெரும்பாலும் சில வாரத்தில் அல்லது சில மாதத்தில் திரும்பிவிடும், நிரந்தரமாக நின்றுபோவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் படத்தில் வேரின் நுனி அந்தக் குழாயின் மேல் படிந்த மாதிரி தெரிகிறது. அந்த இடத்தில் வேர் கருத்துத் தெரிகிறதா, குழாயின் வெள்ளைக் கோடு அறுபடுகிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் சிபிசிடி என்கிற ஸ்கேன் எடுத்து வேர் நரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ரொம்பவும் ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் உண்டு. இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் பல்லை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரிடம் போவது? வாய், தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்கிற மேற்படிப்பு முடித்தவரிடம் போங்கள், பல கிளினிக்குகளில் குறிப்பிட்ட கிழமையில் வருவார்கள். செலவு கவலையாக இருந்தால் முதலில் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறது, திருச்சி வழியாகப் போய்விடலாம். சிதம்பரத்திலும், சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கெல்லாம் ஞானப்பல் எடுப்பது தினசரி வேலை. காத்திருக்க நேரமாகும், கைக்குழந்தையோடு போவதால் காலையிலேயே போய்விடுங்கள்.

எடுத்த அன்றைக்கு: வாயில் வைத்த பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே இருக்காதீர்கள். எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, துப்பத் துப்ப ரத்தம் நிற்காது, விழுங்கிவிடுங்கள். அன்று கொப்பளிக்க வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் உறிஞ்சு குழல் போட்டுக் குடிக்காதீர்கள், உறிஞ்சுகிற வேகத்தில் குழிக்குள் உறைந்த ரத்தக்கட்டி கழன்று வந்துவிடும், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உதடு மூன்று நான்கு மணி நேரம் மரத்தே இருக்கும், அதுவரை சூடான காபி வேண்டாம், சுட்டாலும் தெரியாது. கன்னத்துக்கு வெளியே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து வைத்து எடுங்கள். பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்த சோறு, ஆறின ராகிக் கூழ், தயிரில் கரைத்த இட்லி, இவை போதும். பால் கொடுக்கிற உடம்பு, பட்டினி கிடக்காதீர்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து எடுங்கள், வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள்தான் வீக்கம் அதிகமாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அப்புறம் வடியும். ராத்திரி பால் கொடுக்கும்போது குனிந்து கொடுக்காமல் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து கொடுத்தால் வலி தெறிக்காது. தையலை ஒரு வாரத்தில் பிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் போல வலி குறைவதற்குப் பதிலாகக் கூடி, காது வரை இழுத்து, வாயில் கெட்ட வாடை வந்தால் குழிக்குள் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு திறந்துவிட்டது என்று அர்த்தம். பயங்கரமான வலிதான், ஆனால் ஆபத்து இல்லை, உடனே போனால் கழுவி மருந்து வைப்பார்கள், சிறிது நேரத்தில் வலி இறங்கும். வைக்கிற மருந்தில் கிராம்பு எண்ணெயின் சத்து இருக்கும், அதற்காக வீட்டில் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றாதீர்கள், சதை வெந்துபோகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களென்றால் முன்னாலேயே சொல்லுங்கள், சில வகை மாத்திரைகளில் இந்தத் தொந்தரவு வர வாய்ப்பு கூடுதல்.

பல் எடுப்பதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கினாலோ, காய்ச்சலோடு எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலோ, நாக்கு மேலே தூக்கின மாதிரி இருந்து மூச்சு விடச் சிரமமானாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் சில மணி நேரத்தில் மூச்சுக்குழலை அடைக்கும் அளவுக்குப் போய்விடும். வீங்கின கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடமும் கொடுக்காதீர்கள்.

மேல் இடது பல்லைச் சொல்ல வேண்டும். கீழ்ப் பல் போனால் அதற்கு எதிரே கடிக்க ஆள் இருக்காது, நாளடைவில் அது கீழே இறங்கி வந்து கீழ் ஈறைக் குத்தலாம். வீங்கியிருந்தபோது வாயை மூடினால் அந்த வீக்கத்தின் மேலேயே மேல் பல் இடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். இடித்தது என்றால், நேரில் பார்க்கிற டாக்டரும் சரி என்றால், அன்றைக்கே அதையும் எடுத்துவிடுவது நல்லது. நேராக இறங்கின மேல் பல் பொதுவாகச் சில நிமிஷ வேலைதான். இடிக்கவில்லை, நன்றாகத் தேய்க்க முடிகிறது என்றால் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். கண்ணைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் அவரே டாக்டரிடம் நேரில் கேட்கட்டும், கேட்டால்தான் அவருக்கும் மனசு ஆறும். உள்ளே போவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, அவர் மடியில் படுக்கவைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்காருங்கள்.